மருமகனோடு லேசர் விளையாட்டுக்குப் போன கதை

(வானொலியில் ஒலிபரப்பான தவக்காலச் சிந்தனை)



கடந்த சனிக்கிழமை என் தங்கையின் மகனை ஒரு பிறந்தநாள் விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தங்கைக்கும் கணவருக்கும் அன்று வேலை. மருமகனுக்கு 7 வயது. விருந்து நடந்தது லேசர் டேக் விளையாடும் ஓர் இடத்தில். டொரன்ரோவில் பிள்ளை வளர்க்கும் உங்களில் பலருக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்பிலும் முதுகிலும் தோளிலும் விளக்குகள் எரியும் ஒரு கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டி, கையில் ஒரு துவக்கைக் கொடுத்து, புகை போட்ட இருட்டறைக்குள் விடுவார்கள். இரண்டு அணி. எதிரணிக்காரரைச் சுட்டால் புள்ளி.

துவக்கு என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் பிரச்சினை அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.

வெளிக்கிடும் நேரம் என் அம்மா கேட்டார்: "தவக்காலத்திலை பிள்ளைக்குத் துவக்குப் பிடிக்கப் பழக்கவோ கொண்டு போறாய்?" அம்மாவுக்கு 82 வயது. நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். "அதைப் பிடிச்சவன் ஒருத்தன் இன்னும் வீட்டை வரேல்லை," என்றார்.

என் அண்ணனைத்தான் சொன்னார். 1986இல், 17 வயதில், ரியூசனுக்கென்று சைக்கிளில் போனவன். இதற்கு மேல் நான் விரிக்கத் தேவையில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கதை உண்டு.

ஆனால் அழைப்பிதழை இரண்டு கிழமையாகக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தவன், சப்பாத்தையும் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறான். போனேன். மனம் சரியில்லாமல்தான் போனேன்.

அம்மாவின் பயம் வெறும் பயம் என்று நான் சொல்லமாட்டேன். உண்மைக் குண்டில்லாமல் ஒருவரையொருவர் சுட்டுப் பழகுவதற்காக, துவக்கில் பொருத்தும் லேசர்க் கருவியை அமெரிக்கத் தரைப்படை 1970களின் இறுதியிலேயே உருவாக்கியிருந்தது. விளையாட்டரங்கமாக இது வந்தது 1984இல், டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில். 'ஸ்டார் வார்ஸ்' படத்தைப் பார்த்து எண்ணம் தோன்றிய ஜோர்ஜ் கார்ட்டர் என்பவர் அதைத் திறந்தார். பிறகு வீட்டில் விளையாடும் பொம்மைகளாகவும் கடைகளுக்கு வந்தது. 1987இல் கலிபோர்னியாவில், இரவில் பாடசாலை வளாகத்தில் நண்பர்களோடு அந்தப் பொம்மைத் துவக்கை வைத்து விளையாடிய 19 வயது இளைஞன் ஒருவனை, அது உண்மைத் துவக்கு என்று நினைத்த பொலிஸ்காரர் சுட்டுக் கொன்றார். ஆகவே பெற்றோரே, இந்த விளையாட்டு அதற்குரிய அறைக்குள் மட்டும் இருக்கட்டும். தெருவிலும் பூங்காவிலும் வேண்டாம்.

இனி அந்த அறைக்கு வருவோம். உள்ளே விடுமுன் ஓர் இளைஞர் விதிகளைச் சொன்னார்: ஓடக்கூடாது, தள்ளக்கூடாது, கவசத்து விளக்குகளைக் கையால் மறைக்கக்கூடாது. உண்மையில் அங்கே சுடுவது லேசரே அல்ல என்றும் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற ஒளி அழகுக்கு. கவசம் அறிவது, உங்கள் வீட்டு ரிவி ரிமோட்டில் இருந்து வருகிற அதே அகச்சிவப்புக் கதிரைத்தான். கேட்டதும் எனக்குச் சிறிது ஆறுதல். ரிமோட்டுக்காகச் சண்டை நடக்காத வீடு எது!

நான் ஒரு பிழை விட்டேன். குருக்கள் அணியும் கறுப்புச் சட்டையோடும் வெள்ளைக் கழுத்துப்பட்டியோடும் போயிருந்தேன். உள்ளே எரிவது புற ஊதா விளக்கு. சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் அந்த ஒளியில் மின்னும். என் கழுத்துப்பட்டி அந்த இருட்டில் குழல் விளக்குப்போல எரிந்தது. எதிரணிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் குறி நான்தான். நீங்கள் போகும்போது கருநிற உடுப்பும் மூடிய சப்பாத்தும் போடுங்கள். பிள்ளைக்குத் தொய்வோ வலிப்போ இருந்தால், புகையும் மின்னும் விளக்கும் இருப்பதால், மருத்துவரிடம் முதலே கேளுங்கள். முக்கியமாக, முதல் தடவை பிள்ளையோடு நீங்களும் உள்ளே போங்கள். கோப்பியும் போனுமாக வெளியில் இருந்துவிடாதீர்கள்.

ஏனென்றால், நான் துவக்குக்குப் பயந்துகொண்டு போக, பிள்ளை பயந்தது இருட்டுக்கு. உள்ளே போனதும் என் சட்டையைப் பிடித்தவன் விடவில்லை. சில நிமிடத்தில் யாரோ அவனைச் சுட்டார்கள். கவசம் அதிர்ந்து, விளக்கெல்லாம் நூந்துபோனது. "மாமா, எனக்கு என்ன நடந்தது?" குரலில் அழுகை. "ஒண்டும் இல்லை, எண்ணு," என்றேன். இருவரும் சேர்ந்து எண்ணினோம். ஐந்து எண்ணும்போது விளக்குகள் திரும்பப் பற்றின. அந்த வெளிச்சத்தில் அவன் முகத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு சட்டையை விட்டுவிட்டான். புகைக்குள் போய் மறைந்தே விட்டான்.

நான் ஒரு மூலையில் நின்றேன். துவக்கின் விசையை அழுத்த என் விரல் வரவில்லை. அப்போது பேதுருவை நினைத்தேன். கெத்சமனியில், இரவில், தீப்பந்த வெளிச்சத்தில் வாளை உருவியவர் அவர். அவரை நாம் கோபக்காரர் என்கிறோம். எனக்கு அவர் பயந்த மனிதராகத் தெரிகிறார். இருட்டும் பயமும் கையில் ஓர் ஆயுதமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் தலைமுறைக்குத் தெரியும். ஆண்டவர் முதலில் வாளை உறையில் போடச் சொன்னார். வெட்டுப்பட்ட காதைத் தொட்டுக் குணமாக்கினார். பேதுருவைத் தள்ளிவிடவில்லை.

திரும்பி வரும்போது காரின் பின் இருக்கையில் இருந்து மருமகன் கேட்டான்: "மாமா, உண்மைத் துவக்காலை சுட்டால் எத்தனை செக்கனிலை திரும்பி எழும்பலாம்?"

நான் குருவாகி 25 ஆண்டுகளுக்கு மேல். எத்தனையோ அடக்கச் சடங்குகளில் உயிர்ப்பைப் பற்றிப் பிரசங்கித்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு உடனே வாய் வரவில்லை. காரை ஓரமாக நிறுத்தினேன். "எழும்பேலாது அப்பு," என்றேன். "இந்த உலகத்திலை எழும்பேலாது. அதாலைதான் அதை விளையாட்டிலை மட்டும் பிடிக்கிறது." பிறகு அவனுக்கு ஒரு பெரிய மாமா இருந்ததைச் சொன்னேன். சைக்கிளைச் சொன்னேன். ஏழு வயதுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு. தங்கை இதுவரை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால் பிள்ளை பயமில்லாமல் வளரும் என்று நினைத்திருந்தோம். துவக்கைப் பற்றி அவனுக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அந்த அறை சொல்லிக்கொடுத்ததுதான்: ஐந்து எண்ணினால் போதும்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா கதவைத் திறந்து, "என்ன ராசா, வெண்டனியோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மம்மா. எனக்கு ஒன்பது தரம் லைட் நூந்தது. ஒன்பது தரமும் பத்தினது." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "பெரிய மாமான்ரை படம் இருக்கோ?" என்றான்.

அம்மா என்னைப் பார்த்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்த் தன் செபப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். நான் சின்ன வயதிலிருந்து அவர் கையில் பார்த்துவரும் புத்தகம். அதன் பின்னட்டைக்குள் அண்ணனின் படம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.