அறியப்பட்ட உரிமை



சென்ற தேர்தலின்போது, வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் நம் மஹல்லாவின் விதவைத் தாயொருவர் மதரஸா வாசலில் நின்று ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், ரேஷனில் இலவச அரிசி வாங்கி உண்கிறேன். தந்தவர்களுக்கு ஓட்டுப் போடாவிட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேனா?" அவருடைய பேணுதலைக் கண்டு என் கண்கள் கலங்கின.

நம் மாநிலத்தில் அரிசி அட்டைகளுக்கு 2011 ஜூன் முதல் விலையின்றி அரிசி வழங்கப்படுகிறது. அது எவருடைய சொந்தப் பணமும் அன்று. அரசுக் கருவூலத்திலிருந்து வருவது. அக்கருவூலத்தில் அத்தாயின் காசும் உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது முதல், அவர் வாங்கிய சோப்புக்கும் பற்பசைக்கும் நூற்றுக்கு 18 வீதம் வரி செலுத்தினார். 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 ஆனது. கோடீஸ்வரர் செலுத்தியதும் இதே வீதம்தான்!

செல்வந்தருக்குக் கணக்கர் இருக்கிறார். பட்ஜெட் வாசித்த அன்று மாலையே எந்த வரி ஏறியது, எது இறங்கியது என்று அறிந்துகொள்கிறார். ஆட்சியாளரிடம் சென்று முறையிடவும் செய்கிறார். ஏழைக்கோ தேர்தல் மேடையில் அறிவிக்கப்படும் பொருளின் பெயர் மட்டுமே தெரிகிறது. கணக்குக் கேட்பவருக்கே ஆட்சியாளர் அஞ்சுவர். ஏழைகள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் அரசுப் பணம் எங்கே செல்ல வேண்டும் என்பதில் அவர்களின் குரல் மெலிந்து போவது இதனால்தான்.

நபி (ஸல்) அவர்கள் முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, செல்வந்தரிடம் பெற்று அவர்களின் ஏழைகளுக்கே திருப்பித் தரப்படும் ஜகாத் கடமையாக்கப்பட்டுள்ளதை அம்மக்களுக்கு அறிவிக்குமாறு பணித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அறிவிப்பதே முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தன் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதை யமனின் ஏழையும் அறிய வேண்டியிருந்தது. மஆரிஜ் அத்தியாயத்தின் 24, 25ஆம் வசனங்களும் செல்வத்தில் வறியவருக்குள்ள பங்கை அறியப்பட்ட உரிமை என்றே குறிப்பிடுகின்றன. (அரசு வரியும் ஜகாத்தும் ஒன்றல்ல, வரி செலுத்தியதால் ஜகாத் நிறைவேறிவிடும் என எவரும் எண்ணிவிட வேண்டாம்.)

"அம்மா, அரிசி உங்கள் உரிமை. ஓட்டு அமானிதம்; நன்றிக்கடனாகக் கொடுப்பதற்கன்று. தகுதியானவர் என்று நீங்கள் கருதுபவருக்கு அளியுங்கள், அவர் அரிசி தந்தவராகவே இருந்தாலும் சரி" என்றேன். பிறகு, ஆதரவற்ற விதவைகளுக்கான அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தீர்களா என்று கேட்டேன். அப்படியொன்று இருப்பதே தெரியாது என்றார். அவர் கணவர் மவுத்தாகி ஆறு வருடங்கள்! நம் ஜமாஅத்தில் எத்தனை பட்டதாரிகள் இருக்கிறோம்!

இன்று தொழுகை முடிந்ததும் அத்தகைய குடும்பங்களின் விவரம் அறிந்தவர்கள் என்னிடம் வாருங்கள். தாசில்தார் அலுவலகத்திற்கு உடன் செல்ல இரண்டு இளைஞர்கள் முன்வந்துள்ளார்கள். இன்னும் இருவர் தேவை.