தூரத்து உடுமண்டலங்களிற் பேரொளி
(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



வானநூல் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்த காரியதரிசி அவர்கள், கிரகணத்தைப் பற்றியோ கிரகங்களைப் பற்றியோ பேசுவேன் என்று எண்ணியிருக்கலாம். அவற்றைப் பற்றி என்னிலும் நன்கறிந்த பெரியோர் இச்சபையில் இருக்கின்றனர். ஆகவே, எந்தப் பஞ்சாங்கத்திலும் முன்கூட்டிக் குறிக்க முடியாத ஒன்றை எடுத்துக்கொள்ளுகின்றேன். விண்மீன் வெடித்து மாய்வதே அது. அவற்றுள்ளும் வழமைக்கு மாறான பேரொளியோடு மாய்வனவற்றைப் பற்றியதே இன்றைய பேச்சு.

வெடிக்கும் விண்மீனுக்குச் 'சுப்பர்நோவா' என்னும் பெயரை 1930ஆம் ஆண்டுகளில் வழங்கச் செய்தவர்கள் வோல்ட்டர் பாடே, பிரிட்ஸ் சுவிக்கி என்னும் அறிஞர் இருவர். சாதாரணச் சுப்பர்நோவாவே சில வாரங்களுக்கு நூறு கோடிச் சூரியர்க்கு மேலாக ஒளி வீசக்கூடியது. ஆனால், நமது பால்வீதி போன்ற உடுமண்டலம் ஒன்றில் நூறாண்டுக்கு ஒன்றிரண்டே நிகழும். நூறாண்டுக்கு ஒருமுறை தீப்பிடிக்கும் வீட்டைக் காண விரும்புபவன் ஒரு வீட்டு வாசலிற் காத்திருந்து பயனில்லை. பல ஊர்களும் ஒருங்கே தெரியும் குன்றின்மேல் ஏறவேண்டும். வானநூலாரும் அவ்வாறே ஆயிரக்கணக்கான உடுமண்டலங்களை இரவுதோறும் படம்பிடித்து, பழைய படத்தைப் புதிய படத்தினின்று கழித்துப் பார்க்கின்றனர். கழித்தபின் எஞ்சும் புள்ளியே புதியது.

இதில் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. விண்மீன்கள் நிறைந்த பெரிய உடுமண்டலங்களில்தானே வெடிப்பும் மிகுதியாக இருக்கும்? அவற்றையே தேர்ந்தெடுத்துப் பார்த்தனர். சிறியனவும் மங்கலானவும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. செல்வர் வீட்டு வாசலிலேயே நின்றவர்க்குச் சேரியில் நடப்பது தெரியாது போனது போலாயிற்று.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்திலே மக்டொனால்ட் வானிலையத்தில் 45 சென்றிமீற்றர் ஆடியுடைய ஒரு சிறு தொலைகாட்டி உண்டு. அதன் பார்வைப் பரப்போ மிகப் பெரிது. றொபேட் குயிம்பி என்னும் ஆராய்ச்சி மாணவர் அதனைக்கொண்டு அருகிலுள்ள உடுமண்டலக் கூட்டங்களைத் துருவியபோது, அவற்றுக்கு வெகுதூரம் பின்னாலுள்ளனவும் படத்தில் அகப்பட்டன. 2005 மார்ச்சில் அவ்வாறு அகப்பட்டதே 2005ஏபி என்னும் சுப்பர்நோவா. அதன் ஒளி நம்மை வந்தடைய முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் எடுத்திருந்தது. உச்சத்தில் அது ஏறக்குறையப் பத்தாயிரங் கோடிச் சூரியர்க்கு ஒப்பாக எரிந்தது. அதாவது, நமது பால்வீதியின் விண்மீன்கள் யாவும் சேர்ந்து தரும் ஒளியினும் சில மடங்கு மிகுதி. பெரிய கருவி கையில் இல்லையே என்று மனம் சோரும் நம் மாணவர்க்கு இச்செய்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு, 2006 பெப்ரவரியில், வானில் மிதக்கும் ஹபிள் தொலைகாட்டி ஒரு புதிரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் எடுத்த படங்களில் வெறுமையாயிருந்த ஓரிடத்தில் ஒரு புள்ளி தோன்றிற்று. ஏறக்குறைய நூறு நாள் வளர்ந்தது. அதே அளவு காலம் தேய்ந்து மறைந்தது. அதற்கு எஸ்.சி.பி. 06எவ்6 என்று பெயரிட்டனர். ஒளியை நிறங்களாகப் பிரித்தால் மூலகங்கள் ஒவ்வொன்றும் தத்தம் கோடுகளைக் கைநாட்டுப்போல் இட்டிருக்கும். இப்புள்ளியின் நிறமாலையிலும் அகன்ற கோடுகள் இருந்தன. ஆயினும் அவை அறிந்த எந்தப் பொருளின் கைநாட்டோடும் பொருந்தவில்லை. தூரந் தெரியாததால் பிரகாசமுந் தெரியவில்லை. இருட்டில் தெரியும் வெளிச்சம் பக்கத்து வேலியில் தொங்கும் அரிக்கன் லாம்போ, கடலுக்கு அப்பாலுள்ள வெளிச்சவீடோ என்று சொல்ல முடியாத நிலை. நமது பால்வீதிக்குள்ளேயே சிறுகோள் ஒன்று செத்த விண்மீனின்மேல் விழுந்ததோ என்றுகூட எண்ணியவர் உண்டு.

விடை 2011இல் வந்தது. குயிம்பியும் கூட்டாளிகளும் கலிபோர்ணியாவிலுள்ள பலோமர் மலையின் 48 அங்குலத் தொலைகாட்டியால், பெரியது சிறியது பாராமல் வானப் பரப்பை அளந்து, இதே சாயலுள்ள நான்கு வெடிப்புக்களைக் கண்டனர். அகன்ற கோடுகளுக்கிடையே மெல்லிய மகனீசியக் கோடுகளும் தெரிந்தன. அவை வெடித்த விண்மீனுடையனவல்ல. அது குடியிருந்த உடுமண்டலத்து வாயு இட்ட முத்திரை. அக்கோடுகள் சிவப்பை நோக்கி எவ்வளவு நகர்ந்துள்ளன என்று அளந்தால் தூரம் தெரிந்துவிடும். அவ்வளவே வேண்டியிருந்தது! அகன்ற கோடுகள் ஒட்சிசனுடையவை என்று அறிந்தனர். 06எவ்6 இன் நிறமாலையையும் தக்கபடி நகர்த்தி வைத்தபோது, அது மற்றவற்றோடு பொருந்திற்று. 2005ஏபியும் அதே குடும்பமாயிற்று. 06எவ்6 இன் ஒளியோ எண்ணூறு கோடி ஆண்டுகளுக்கு மேற் பயணஞ் செய்தது. கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிராகப் புறப்பட்டது, விரியும் பேரண்டத்தினூடே நீண்டு, நாம் காணும் ஒளியாக வந்து சேர்ந்தது. நூறு நாள் வளர்ச்சியும் அவ்வாறு நீண்டதே. அங்கே உண்மையிற் சென்ற காலம் அதிற் பாதிக்குங் குறைவு.

இனி, இத்துணை ஒளி எங்கிருந்து வருகின்றது? இக்குடும்பத்தில் ஒன்று சில மாதங்களிற் கொட்டும் ஒளி, நமது சூரியன் தன் வாழ்நாளாகிய ஆயிரங் கோடி ஆண்டு முழுவதும் தருவதற்கு ஒப்பானது. சாதாரணச் சுப்பர்நோவாவில், வெடிப்பில் உண்டான கதிர்வீசும் நிக்கல் கோபாற்றாகவும் பின் இரும்பாகவும் மாறுகையில் வெளிவரும் சத்தியே நெடுநாள் ஒளிக்குக் காரணம். இவற்றின் உச்ச ஒளிக்கு வேண்டிய நிக்கல் இருந்திருந்தால் இவை இவ்வளவு விரைவில் மங்கியிருக்கமாட்டா. ஆகவே 2010இல் வேறொரு விளக்கம் வெளிவந்தது. விண்மீனின் நடுப்பகுதி இடிந்து, இருபது கிலோமீற்றர் அளவேயுள்ள, கடுங் காந்தமுடைய உருண்டையாகி, செக்கனுக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலுகின்றது. அச்சுழற்சி தளருகையில் இழக்கும் சத்தி வெளியே சிதறும் வாயுவைச் சுடவைக்கின்றது. இதுவே இன்று பலர் ஏற்கும் கொள்கை. விண்மீன் முன்னரே உதறிய வாயுவில் வெடிப்பு மோதி ஒளிரும் வகையும் உண்டு.

இவை பெரும்பாலும் பார உலோகங்கள் குறைந்த சிறு உடுமண்டலங்களிலேயே காணப்படுகின்றன. முன்னர்க் கவனியாது விட்ட இடங்கள் அவைதாம். ஆயினும் 2017இல் ஒன்று பெரிய சுருள் உடுமண்டலத்திலேயே வெடித்து, விதியைச் சற்று அசைத்துவிட்டது.

பெயரிடுவதில் அவசரம் எங்கே கொண்டுபோகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2015 யூனில், 14 சென்றிமீற்றர் வில்லைகள் பூட்டிய கருவிகள் 15எல்எச் என்னும் ஒளியைச் சிலியிற் கண்டன. ஐம்பத்தேழாயிரங் கோடிச் சூரியரின் ஒளி! கண்ட சுப்பர்நோவாக்களுள் இதுவே முதன்மையானது என்று 2016 சனவரியில் அறிவித்தனர். அதே ஆண்டு டிசம்பரில் வேறொரு குழுவினர், இது வெடிப்பன்று, கருந்துளையொன்று தன்னை அணுகிய விண்மீனைக் கிழித்து விழுங்கியதே என்றனர். வாதம் முற்றாக ஓயவில்லை. மாணவன் என்ற அளவில் நான் சாய்வது இரண்டாம் கட்சிக்கே. இவ்வொளி தோன்றியது புதிய விண்மீன்கள் பிறவாத பெரிய உடுமண்டலம் ஒன்றின் நடுவில். கருந்துளை குடியிருப்பதும் அங்கேதான்.

சிலியில் 8.4 மீற்றர் ஆடியோடு எழுந்துள்ள வெரா றூபின் வானிலையம் 2025 யூனில் முதற் படங்களை வெளியிட்டது. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கொருமுறை பத்தாண்டு படம்பிடிப்பதே அதன் பணி. நம் முற்றத்திலிருந்து பார்க்க விரும்புவோர், வைகாசி மாதத்து முன்னிரவில் உச்சிக்கு அருகே செம்பொன்னாய் ஒளிரும் சுவாதி நட்சத்திரத்தைத் தேடுக. நீட்டிய கையின் முட்டியை ஒன்றின்மேலொன்றாக ஒன்றரைத் தடவை வைத்து அளந்தால் வரும் தூரத்தில், அதற்கு வடக்கே, 06எவ்6 தோன்றி மறைந்த இடம் இருக்கின்றது. அங்கே கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.