தாயும் நீரும்

(வெள்ளி விழா மகளிர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

கல்விக் கழகத்தின் விழாவில் நீச்சலைப் பற்றிப் பேசுவதேன் என்று வியப்புறாதீர்கள். நீரில் இறங்குவதும் நம் பெண்களுக்கு மறுக்கப்பட்ட ஒரு கல்வியே.

என் தாயார் நடவுக் காலமெல்லாம் சேற்று நீரில் நின்றவர். வயலின் கலங்கல் நீர் அவருக்கு உரியதாயிருந்தது. ஊர்க் குளத்தின் தெளிநீரோ உரியதாயில்லை. என் தம்பியை வயிற்றில் சுமந்த நிறைமாதத்திலும் அவர் குனிந்து நட்டார். மாலையில் வீங்கிய கால்களை நீட்டி, சுவரில் சாய்ந்திருப்பார்.

செவிலியர் பயிற்சி பெற்றபோதுதான் நீரின் இயல்பை அறிந்தேன். இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குகின்றன. கழுத்தளவு நீரில் பத்தில் ஒரு பங்கையே தாங்குகின்றன. கருவுற்ற தாயின் முதுகு வலி தணிகிறது. நீரின் அழுத்தம் கால்களில் தேங்கிய நீர்மத்தைக் குருதிக்குத் திருப்புவதால் வீக்கம் வடிகிறது. சுமப்பதே வாழ்வாய்ப் போனவளை நீர் சற்று நேரம் சுமக்கிறது.

அந்த நீரை நமக்கு மறுத்தது இயற்கையன்று, மனிதரே. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் அனைவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொணர்ந்தார். 1927 மார்ச் 20இல் மகத் நகரின் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அள்ளிப் பருகினார். நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவோ கிணறு, குளம் என்பவற்றோடு நீராடு துறைகளையும் பெயர் சொல்லியே குறிக்கிறது. பருகுவதற்கு மட்டுமன்று, இறங்கி நீராடுவதற்கும் உரிமை உண்டு.

இரு பிள்ளைகளுக்குத் தாயான பின்னரே நான் நீச்சல் கற்றேன். முதல் நாள் உடல் கல்லாய் இறுகிற்று. மூச்சை நிறைத்து, கழுத்தைத் தளர்த்தி மல்லாந்தபோது நீர் என்னைத் தாங்கிற்று. பின்னொரு நாள் என் தாயாரை ஆற்றுக்கு அழைத்துச் சென்றேன். படித்துறையில் நின்றவர் கரையைத் திரும்பிப் பார்த்து, "யாராவது ஏதாவது சொல்வார்களோ, அம்மா?" என்றார். சட்டம் துறையைத் திறந்துவிட்டது. அவர் உடலில் குடியிருந்த அச்சம் அகலவில்லை. கைபிடித்து இடுப்பளவு நீரில் நிறுத்தினேன். சற்றுப் பொறுத்து, "கால் வலி தெரியவில்லையே!" என்று வியந்தார்.

இளைஞர்களே! உங்கள் தாயரையும் தமக்கை தங்கையரையும் நீருக்கு அழைத்துச் செல்லுங்கள். நீந்தத் தெரிந்தவர் அருகிருக்கட்டும். தனியே எவரும் இறங்க வேண்டா. கருவுற்றோரும் மகப்பேறுற்றோரும் மருத்துவரைக் கேட்டே இறங்குக. நம் அன்னையர் கரையை நோக்கி அஞ்சாது நீராடும் நாளே நாம் கற்ற கல்வி நிறைவுறும் நாள்.