மார்கழியில கூடை ஏன் காலியா வருது?

மேட்டூர் அணை, கொளத்தூர் பகுதி மீனவர் கூட்டத்தில் நமது உள்நாட்டு மீனவர் அணி சார்பில் ஆற்றிய உரை:



மேட்டூர் அணைன்னா ஊருக்கெல்லாம் 120 அடி, 93.47 டி.எம்.சி. டிவியில தினமும் இந்தக் கணக்குத்தான். நமக்கு அது கூடைக் கணக்கு. மார்கழியில அந்தக் கூடை நிறையறதில்ல.

மீன் குளிர் ரத்தப் பிராணி. தண்ணி குளிர்ந்தா கட்லாவுக்கும் ரோகுவுக்கும் பசி மந்தம், ஓட்டமும் மந்தம். செவுள் வலை மீனைத் தேடிப் போகாது. மீன்தான் வந்து மோதணும். ஓடாத மீன் எங்க மாட்டும்? அணை நிரம்பியிருந்தா இன்னும் மோசம், இருக்கிற மீனும் அத்தனை பெரிய தண்ணியில சிதறிக் கிடக்கும். சாயங்காலம் வலை விட்டு, விடியக்காலைப் பனியில விரல் மரத்துப்போக இழுத்தா, நாலு ஜிலேபி!

கிடைச்சதுக்காவது விலை உண்டா? கார்த்திகை பிறந்தா பாதி ஊர் மாலை போட்டுருது. மார்கழியிலயும் கவுச்சி சேர்க்காத வீடுகள் எத்தனை! (குறை சொல்லல, நம்ம வீட்லயும் மாலை போட்டிருக்காங்க.) வரத்தும் இல்ல, விலையும் இல்ல. அப்போ அடுப்பெரிய என்ன வழி? வியாபாரிகிட்ட முன்பணம்.

வாங்கிட்டா அவர் சொன்னதுதான் விலை. கடனை அடைக்கச் சின்னக் கண்ணி வலை இறங்குது. மழைக்கு அப்புறம் விட்ட குஞ்சு, கால் கிலோகூட ஆகாம கரையேறுது. விட்டு வெச்சா ஒரு வருஷத்துல கிலோவைத் தொடுற கட்லா அது! கசப்பா இருந்தாலும் சொல்றேன் அண்ணே, அந்த வலை வேணாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு கேள்வி. வலையைப் பறிமுதல் பண்ணுறது சரி. அந்த வலைக்குள்ள ஒருத்தனைத் தள்ளின கடனைப் பத்திக் கேட்டீங்களா?

நாம கேட்கிறது பெரிசில்ல. கார்த்திகை, மார்கழிக்குக் கூட்டுறவு சங்கம் வழியா வட்டியில்லாக் கடன். தை பிறந்து விலை ஏறும்போது மீன் எடையில கழிச்சுக்கட்டும். கரையில எடை போடுற தராசு சங்கத்தோடதா இருக்கணும். உயிர்காப்பு உடை பரிசலுக்கு ஒண்ணு இல்ல, ஆளுக்கு ஒண்ணு.

மனு மேடைக்குப் பக்கத்து மேசையில இருக்கு. மீன் விக்கிற அக்காமாரும் கையெழுத்துப் போடணும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், சேலம் கலெக்டர் ஆபீஸ். காலையில வலையை எடுத்துட்டே வாங்க, சேர்ந்து போவோம்.

#உள்நாட்டுமீனவர் #மேட்டூர்அணை