முதியோர்க்கு உணவு இறங்காமை
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மருத்துவர் பேசுதற்குரிய பொருளைத் தமிழாசிரியனாகிய யான் எடுத்துக்கொண்டமை தங்கட்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெரிய தந்தையார் பந்தியில் பிறரினும் நெடுநேரம் அமர்ந்து உண்ணும் இயல்பினர். முதுமையில் அவர், சோறு நெஞ்சில் நிற்கின்றது என்று சொல்லத் தொடங்கினார். கவளத்திற்கொரு மிடறு நீர் பருகினார். பின்னர்ப் பந்திக்கு வருதலையே விட்டொழித்தார். “வயதாயிற்று, அப்படித்தான் இருக்கும்” என்று நாங்கள் வாளா இருந்தோம். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபொழுது காலங் கடந்துவிட்டது. அக்குற்றம் எங்களுடையதே. நம்மவர் பிறரில்லத்தில் அது நிகழாதிருத்தல் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் இருத்துக. உணவு இறங்காமை மூப்பின் இயல்பன்று. அது நோயின் அறிகுறி. உணவுக்குழல் என்பது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழலாம். உணவு தன் பாரத்தால் மட்டும் அதன்வழி வீழ்வதில்லை. தசைகள் அலையலையாகச் சுருங்கி அதனைக் கீழே செலுத்துகின்றன. இரைப்பையின் வாயிலிலுள்ள தசைவளையம் உரிய நேரத்தில் நெகிழ்ந்து வழிவிடுகின்றது. குழல் குறுகினும், அதன் இயக்கம் பிழைபடினும் உணவு தடைப்படும்.

எது தடைப்படுகின்றது என்று முதியோரை அன்புடன் வினவுதல் வேண்டும். முதலில் சோறும் இட்டிலியும் நின்று, நாளடைவில் கஞ்சியும் நிற்குமாயின், குழல் குறுகி வருகின்றது என்று ஐயுறலாம். உடல் மெலிவும் உடன் வருமாயின், புற்றுநோயோ என்று உடனே ஆராய வேண்டும். தொடக்கமுதலே நீரும் சோறும் ஒருங்கே தடைப்படின், இயக்கக் குறையாதல் கூடும். விழுங்கிய கணமே புரையேறி இருமலுண்டாகுமாயின், அல்லது நீர் மூக்கின்வழி வருமாயின், குறை தொண்டையில் உள்ளது என்க. பக்கவாதமுற்றவர்க்கும் பார்க்கின்சன் நோயுற்றவர்க்கும் இது நேர்வதுண்டு. உணவு மூச்சுக்குழலுட் சென்று நுரையீரல் அழற்சியை விளைவிக்குமாதலின் இதுவும் இகழத்தக்கதன்று.

இவற்றைத் தெளிய எண்டாஸ்கோபி என்னும் அகநோக்குக் கருவி உதவுகின்றது. பேரியம் பருகச்செய்து எக்ஸ்ரே எடுப்பதும், குழலின் அழுத்தத்தை அளப்பதும் உண்டு. இரைப்பையின் புளிப்பு நீர் மேலெழுந்து புண்ணாக்கியதால் குழல் குறுகியிருப்பின், அதனை மெல்ல விரித்துப் புளிப்பை அடக்கும் மருந்தளிப்பர். புற்றுநோய் முற்றி அறுவைக்கு இடமில்லாதபோதும், உலோக வலைக்குழாய் பொருத்தி உணவு செல்ல வழி செய்யலாம்.

அக்கலேசியா என்னும் நோயில், நரம்பணுக்கள் அழிதலால் அக்கீழ்த் தசைவளையம் நெகிழ்வதில்லை. 1674-ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். திமிங்கில எலும்புக் கோலின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி, உணவை உள்ளே தள்ளுவித்து அவரைக் காத்தார். 1913-இல் ஜெர்மானியரான ஹெல்லர் அத்தசையை அறுத்து வழிதிறந்தார். 2008-இல் ஜப்பானியரான இனோயே, மார்பையும் வயிற்றையும் கீறாது, வாய்வழிச் செலுத்திய கருவியாலேயே அத்தசையை அறுக்கும் முறையை மனிதரிடத்துச் செய்து காட்டினார். பலூனால் விரித்தலும் உண்டு. இவற்றைத் தாங்கா மெலிந்த முதியோர்க்குப் போட்டுலினம் என்னும் மருந்தைத் தசையில் ஊசிமூலம் ஏற்றுவர். அதன் பயன் சில திங்களே நிற்குமாதலின் மீண்டும் ஏற்ற நேரிடும். எச்சிகிச்சையும் கேடு சிறிதுமற்றதன்று. குழலை விரிக்குங்கால் துளைபடுதலும் அரிதாக நேர்வதுண்டு. ஆயினும், உடல்நிலைக்கேற்ற முறையை மருத்துவர் தேர்வர். வயது ஒன்றையே காட்டிச் சிகிச்சையை மறுத்தல் முறையன்று.

இல்லத்தில் நாம் செய்யத்தக்கன சில உள. முதியோரை நிமிர்ந்து அமர்த்திச் சிறு கவளங்களாக, விரையாது உண்ணச் செய்க. உண்டவுடன் படுக்கவிடற்க. பொய்ப்பல் பொருந்தியுள்ளதா என்று நோக்குக. மாத்திரையை ஒரு வாய் நீருடன் விழுங்கி உடனே படுத்தல் தீது. சில மாத்திரைகள் குழலில் ஒட்டிப் புண்ணாக்கும். நிறைய நீர் பருகி, அரைமணி நேரமேனும் நிமிர்ந்திருத்தல் நன்று. உணவு அடைத்து எச்சிலும் இறங்காதாயின், சோற்றுருண்டையும் வாழைப்பழமும் விழுங்கச் செய்து அதனைத் தள்ள முயலற்க; அப்பொழுதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.

மற்றொன்றும் கூறத் துணிகின்றேன். நம் விருந்துகளில் தாம்பூலம் சிறப்புப் பெறுகின்றது. பாக்கும் புகையிலையும் இடையறாது மெல்லுதல் வாய்க்கே அன்றி உணவுக்குழலுக்கும் புற்றுநோயை விளைவிக்கும் என்று ஆராய்ந்தோர் முடிவுசெய்துள்ளனர். பெரியோர் என்னைப் பொறுத்தருள்க.

சகோதரர்களே! அடுத்த விருந்தில் பந்தியைச் சற்று நோக்குங்கள். இலையில் சோறிருக்க இடையே எழும் முதியவர் எவர்? வரவே நாணி வீட்டில் தங்கியவர் எவர்? அவர் தாமாகச் சொல்லார். மக்களுக்குப் பாரமாவோமோ என்று அஞ்சுவர். நாமே அருகமர்ந்து வினவுவோம். காலந் தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். நமக்குச் சோறூட்டி வளர்த்த கைகள் அவை. அவர்தம் மிடற்றில் ஒரு கவளம் இனிதே இறங்கச் செய்தல் நம் கடனன்றோ?