முகத்துக் கட்டியும் கழுத்து வீக்கமும்



முகத்தில் ஒரு பரு எழுந்தால் கண்ணாடி முன் நின்று அதை நகத்தால் பிதுக்காத மாணவர் உங்களுள் எத்தனை பேர்? வாலிபப் பருவத்தில் அது இயல்புதான். எனினும் மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் எழும் சீழ்க்கட்டியைப் பிதுக்குவதைக் கண்டால் மருத்துவனாகிய எனக்கு அச்சமே உண்டாகிறது. அவ்விடத்து இரத்த நாளங்கள் கண்குழி வழியே, மூளைக்கு அடியிலுள்ள ஓர் இரத்தக் குழியோடு தொடர்புடையவை. கிருமிகள் அவ்வழியே உட்செல்வது அரிது. சென்றுவிட்டாலோ பார்வையும் உயிரும் போகக்கூடும்.

1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு நகரின் ராட்கிளிஃப் மருத்துவமனையில் ஆல்பர்ட் அலெக்ஸாண்டர் என்னும் போலீஸ்காரர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். முகத்தில் தொடங்கிய தொற்று நுரையீரல்வரை பரவிவிட்டது. ஒரு கண்ணை அகற்றியிருந்தனர். சல்பா மருந்து பயன் தரவில்லை. 12ஆம் தேதி ஃப்ளோரி குழுவினரின் பெனிசிலின் அவருக்குச் செலுத்தப்பட்டது. மறுநாளே தேறத் தொடங்கினார். ஆனால் மருந்து கையிருப்பு மிகச் சொற்பம். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடியும் செலுத்தினர் என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளுங்கள்! ஐந்து நாட்களில் அதுவும் தீர்ந்தது. மார்ச் 15ஆம் தேதி அவர் இறந்தார். காய்ச்சல் தணிந்தவுடன் மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்திவிடுவோரைக் காணும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

இனிக் கழுத்து. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, அதன் வேரிலிருந்து சீழ்க்கிருமிகள் நாவின் அடிக்குப் பரவுவதுண்டு. 1836இல் இந்நோயை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் லுட்விக்கின் பெயரே இதற்கு வழங்குகிறது. தாடையின் கீழ் இருபுறமும் மரக்கட்டைபோல் இறுகும், நாக்கு மேலெழும்பும், எச்சிலை விழுங்க இயலாது, குரல் மாறும். அத்தகையவரை மல்லாந்து படுக்கவைத்தல் ஆகாது. உட்காரவைத்தே உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நாங்கள் முதலில் கவனிப்பது மூச்சை. தொண்டை அடைபட்டுப் போகுமாயின் எம்மருந்தும் உதவாது. மூச்சுவழியைக் காத்துக்கொண்டு, நாளத்தின் வழியே மருந்து செலுத்துகிறோம். சீழ் தேங்கியிருந்தால் கீறி வெளியேற்றுகிறோம். காரணமான பல்லையும் களைகிறோம்.

எடுத்த சீழைச் சோதனைச்சாலையில் வளர்த்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பதும் உண்டு. விடை கிடைக்க இரண்டு மூன்று நாட்களாகலாம். அதுவரை காத்திராமல் அனுபவத்தால் தேர்ந்த மருந்தைத் தொடங்கி, விடை வந்தபின் தேவையானால் மாற்றுகிறோம். அன்று அந்தப் போலீஸ்காரரைத் தேற்றிய பெனிசிலினுக்கு இன்று ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகளுள் பெரும்பாலானவை அடங்குவதில்லை.