விளையாட்டுப் பூங்காச் சுற்றுலா: அறையை எங்கே எடுப்பது?

(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை வருகிறது. நம் குடியிருப்பில் சில குடும்பங்கள் கொச்சி வொண்டர்லாவுக்குப் போகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ரயில் டிக்கெட், பூங்கா டிக்கெட் எல்லாம் பிள்ளைகளே போனில் எடுத்துவிடுகிறார்கள். எங்கே தங்குவது என்று வரும்போதுதான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம். "நீங்க பேங்க்ல கணக்குப் பார்த்த ஆளு, இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. அறை யாருக்காக எடுக்கிறோம்? விளையாடப் போகிறவர்கள் காலையில் போனால் சாயங்காலம் வரை பூங்காவில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அறை என்பது ராத்திரி விழுந்து தூங்கும் இடம், அவ்வளவுதான். பகலில் அறை தேவைப்படுவது வேறு ஆட்களுக்கு. மூட்டு வலி உள்ள பாட்டி, சர்க்கரைக்கு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய பாட்டா, மத்தியானம் தூங்காவிட்டால் அழுது தீர்க்கும் மூன்று வயதுக் குழந்தை. இவர்களுக்காகத்தான் அறை. இவர்களை நினைத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர்களுக்கு அது தானாகவே பொருந்திவிடும்.

பெரும்பாலான குடும்பங்களில் நடப்பது என்ன? பாட்டா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இந்த மாதிரிப் பூங்காக்களில் நுழைவு டிக்கெட்டிலேயே எல்லா விளையாட்டும் அடக்கம். ஏறினாலும் ஏறாவிட்டாலும் அதே டிக்கெட்தான். மூத்தவர்களுக்குச் சலுகை உண்டு என்றாலும் தொகை சின்னதில்லை. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2017ல் 28 சதவீதமாக இருந்ததை 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். இவ்வளவும் கொடுத்து உள்ளே போய், பாட்டி என்ன செய்கிறாள்? ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பையையும் ஈரத் துண்டையும் காவல் காக்கிறாள். அந்த வேலைக்கு அங்கேயே வாடகை லாக்கர் இருக்கிறது. நான் கேலிக்காகச் சொல்லவில்லை. பெரியவர்கள் வெயிலில் ஏழு மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் ரயிலில் படும் பாடு உங்களுக்கே தெரியும். அடுத்த பயணத்துக்கு "நாங்க வரல, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். அப்புறம் அவர்கள் எங்கேயும் வருவதில்லை.

இனி இடத்துக்கு வருவோம். கொச்சி வொண்டர்லா 2000ஆம் ஆண்டில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கியது. அது எர்ணாகுளம் நகரத்துக்குள் இல்லை. காக்கநாட்டைத் தாண்டி, பள்ளிக்கரையில் ஒரு குன்றுப் பகுதியில் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து ரயிலில் எர்ணாகுளம் போக ஆறு மணி நேரம் பிடிக்கும். சில வண்டிகளில் அதற்கும் மேல். ஒரே நாளில் போய் விளையாடித் திரும்புவது பிள்ளைகளையும் பெரியவர்களையும் வைத்துக்கொண்டு நடக்காது. ஆகவே முந்தின ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். எர்ணாகுளத்தில் சவுத், நார்த் என்று இரண்டு ஸ்டேஷன். சவுத் என்பது எர்ணாகுளம் ஜங்ஷன், நார்த் என்பது எர்ணாகுளம் டவுன். கோட்டயம் வழியாகப் போகும் வண்டிகளில் பல, சவுத்துக்குள் போகாமல் நார்த்தில் நின்றுவிட்டுப் போய்விடும். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் லாட்ஜ் தேட வேண்டும். திருப்பூணித்துறை, ஆலுவா ஆகிய இரண்டிலும் ஸ்டேஷன் உண்டு. இரண்டு ஊரும் கொச்சி மெட்ரோவின் இரண்டு முனைகள். 2017ல் ஆலுவாவில் தொடங்கிய மெட்ரோ 2024 மார்ச்சில் திருப்பூணித்துறை வரை வந்துவிட்டது.

தங்குவதற்கு இரண்டு வழி. ஒன்று நகரத்துக்குள், ஸ்டேஷன் அல்லது மெட்ரோ பக்கம். இன்னொன்று பூங்காவுக்குப் பக்கத்தில். "பக்கத்துல எடுத்தா கார் வாடகை மிச்சம்" என்று பையன் சொல்வான். அது பாதிதான் சரி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இவை எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட தொகைகள். அங்கே உள்ள விலைப்பட்டியல் இல்லை.

பாட்டா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள், ஆறு பேர். இரண்டு அறை, ஒரு ராத்திரி. நகரத்தில் அறைக்கு 1,800 ரூபாய் என்றால் 3,600. ஜிஎஸ்டி 5 சதவீதம், 180. பூங்காவுக்குப் போக வரப் பெரிய கார் 1,400. ஸ்டேஷனுக்குப் போக வர ஆட்டோ 400. மொத்தம் 5,580. பூங்காப் பக்கம் அறைக்கு 2,400 என்றால் 4,800. ஜிஎஸ்டி 240. பூங்காவுக்கு ஆட்டோ 400. ஆனால் ஸ்டேஷனிலிருந்து பெட்டி படுக்கையோடு அங்கே போகவும் திரும்பவும் அதே பெரிய கார் வேண்டுமே? அது 1,400. மொத்தம் 6,840. கார் வாடகை மிச்சமாகவில்லை, வேறு நாளில் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

அப்படியானால் நகரம்தான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பூங்காவுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால், இடையில் குழந்தை தூங்கி விழும்போது தாயார் பத்து நிமிடத்தில் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஒருமுறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் திரும்ப விடுவார்களா என்று வாசலில் கேட்டுவிட்டு வெளியே வர வேண்டும். கைக்குழந்தை, சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்கு அந்தக் கூடுதல் ஆயிரத்துச் சொச்சம் வீண்செலவு இல்லை.

விளையாட விருப்பமில்லாத பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு நகரம்தான் சரி. பூங்காவுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் அவர்கள் பகல் முழுக்க டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். வைற்றிலா பக்கம் எடுத்தால் பேருந்து நிலையம், மெட்ரோ, வாட்டர் மெட்ரோ படகு மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. வைற்றிலாவிலிருந்து காக்கநாட்டுக்குக் காயல் வழியாகக் குளிர்சாதனப் படகில் உட்கார்ந்து போய்த் திரும்பலாம். திருப்பூணித்துறையில் கொச்சி மன்னர்களின் ஹில் பேலஸ் அருங்காட்சியகம் இருக்கிறது, திங்கட்கிழமை விடுமுறை. பாட்டாவும் பாட்டியும் மத்தியானம் சோறு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் படகில் போய்வரலாம். அவர்கள் இரண்டு பேருக்கும் எடுக்காமல் விட்ட பூங்கா டிக்கெட் பணத்தில் நல்ல அறையே கிடைக்கும்.

ஆனால் ஒன்று. பாட்டாவிடம் கேட்காமல் அவர் விளையாட மாட்டார் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். மெதுவாகச் சுற்றும் ராட்டினமும் அலைக்குளமும் பெரியவர்களுக்கும் பிடிக்கும். எழுபது வயதில் ஒருவர் ஆசைப்பட்டால் டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். இதய நோய், முதுகுவலி உள்ளவர்கள் எதில் ஏறக்கூடாது என்று ஒவ்வொரு ராட்டினத்தின் பக்கத்திலும் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டு ஏறினால் போதும்.

அறை எடுக்கும்போது வெப்சைட் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: ரோட்டிலிருந்து கட்டில் வரை எத்தனை படி? லிப்ட் உண்டா என்று மட்டும் கேட்டால் போதாது. ஓர் ஊரில், பெயர் வேண்டாம், லிப்ட் உண்டு என்று சொல்லித்தான் அறை கொடுத்தார்கள். லிப்ட் இருந்தது. வாசலுக்கும் லிப்டுக்கும் நடுவில் எட்டுப் படி இருந்தது. என் வீட்டம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறியதைப் பார்த்த பிறகு, நான் இப்படித்தான் கேட்கிறேன். கழிப்பறை மேல்நாட்டு முறையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: நாள் கணக்கு எப்படி? பகல் 12 மணிக்கு அறையைக் காலி செய்யும் முறையா, 24 மணி நேர முறையா? நீங்கள் சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தால், முதல் முறையில் மறுநாள் மத்தியானம் அறை போய்விடும். இரண்டாவது முறையில் மறுநாள் நான்கு மணி வரை உங்களுடையது. பூங்காவிலிருந்து நனைந்து களைத்துத் திரும்பும்போது ஆறு, ஏழு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஓர் அறை வேண்டும். அரைநாள் வாடகைக்குக் கொடுப்பார்களா என்று முன்பே பேசுங்கள். இல்லையென்றால் ஸ்டேஷனில் ஓய்வறை இருக்கிறது. உறுதியான ரயில் டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசியில் பதிவு செய்யலாம்.

மூன்றாவது கேள்வி: சொன்ன வாடகையில் வரி சேர்ந்திருக்கிறதா? ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன் 12. யாராவது பழைய கணக்கில் 12 போட்டால் பில்லைக் கேளுங்கள்.

பணம் அனுப்புவதைப் பற்றி, வங்கியில் இருந்தவன் என்பதால் ஒரு வார்த்தை. ஹோட்டல் பெயரில் போலி வெப்சைட்டும் போலி போன் நம்பரும் நிறைய உலாவுகின்றன. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ஹோட்டல் பெயர் வராமல் ஏதோ ஒரு தனி ஆள் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். பணம் திருப்பித் தருகிறோம், பின் நம்பரைப் போடுங்கள் என்றால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

எப்போது போவது என்பதும் தங்குமிடத்தோடு சேர்ந்ததுதான். கன்னியாகுமரியில் ஐயப்ப சீசனில் லாட்ஜ் வாடகை ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கேயும் அதே கதைதான். ஓணத்துக்கு நம் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ஆனால் அன்றைக்குக் கேரளம் முழுக்க விடுமுறை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை செங்கன்னூர் வழி வண்டிகளில் சபரிமலைக் கூட்டம். காலாண்டு விடுமுறையில் சரஸ்வதி பூஜைக்கு முந்தின வார நாட்கள் கிடைத்தால் அது வசதி. ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. டிக்கெட் உறுதியான பிறகு அறை எடுங்கள். அல்லது பணம் பிடிக்காமல் ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே வொண்டர்லா திறந்துவிட்டார்கள். அதற்காக எழும்பூரில் அறை எடுத்தால் நகரத்தைத் தாண்டிப் போய், திரும்பத் தெற்கே வர வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டிலும் தாம்பரத்திலும் நிற்கிறது. அங்கே இறங்குவதுதான் நமக்கு வசதி.

பூங்காக்காரர்களே ஹோட்டல் வைத்திருக்கும் இடமும் உண்டு. பெங்களூரு வொண்டர்லாவில் வளாகத்திலேயே விடுதி இருக்கிறது. இது அமெரிக்காவில் டிஸ்னி காட்டிய வழி. 1955ல் டிஸ்னிலாண்ட் திறந்தபோது அவரிடம் ஹோட்டல் கட்டப் பணம் இல்லை. டிஸ்னிலாண்ட் ஹோட்டலையே வேறு ஒருவர்தான் கட்டினார். சுற்றிலும் மற்றவர்கள் லாட்ஜ் கட்டிச் சம்பாதித்தார்கள். அதனால் புளோரிடாவில் 27,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார்கள். 1971ல் அந்தப் பூங்கா சொந்த ஹோட்டல்களோடுதான் திறந்தது. நம்முடைய பக்கத்தறை வசதிக்குப் பின்னால் அவர்களுடைய வரவு செலவுக் கணக்கும் இருக்கிறது. தேவையிருந்தால் எடுப்போம், இல்லாவிட்டால் வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். போகும் முன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, பூங்கா நாளன்று மத்தியானம் இரண்டு மணிக்கு யார் யார் எங்கே இருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டி பெயருக்கு நேரே பெஞ்ச் என்று வந்தால், அறையை மாற்றுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். பேனாவும் தாளும் என்னிடம் இருக்கிறது.